சக்கரமும் ஒரு கியர்தான்

முதல்ல ஒரு விளையாட்டை அறிமுகப்படுத்திடறேன். இங்கிலாந்தில் இதை கிளாசிக் ட்ரயல் என்பார்கள். பழைய கார் ஒன்று. ஓட்டுபவர் ஒருவர், பக்கத்தில் ஒரு பயணி. முன்னால் சேறும் கல்லும் ஈர இலையும் கலந்த ஒரு செங்குத்தான பாதை. அதில் கீழிருந்து மேல் வரை வண்டி நிற்காமல் ஏற வேண்டும், அவ்வளவுதான். எவ்வளவு வேகமாக ஏறினீர்கள் என்பது பெரும்பாலும் கணக்கில் வராது. நடுவில் ஒரு நொடி நின்றாலும் அந்த மேடு தோல்வி. உச்சிக்கு ரெண்டடி இருக்கும்போது நின்றாலும் தோல்வி தோல்விதான்.

இதை நடத்தும் மோட்டார் சைக்கிளிங் கிளப் 1901-ல் தொடங்கியது. பெயரில் பைக் இருந்தாலும் கார்களும் ஓடும். எடின்பரோ ட்ரயல் 1904-லிருந்து, லேண்ட்ஸ் எண்ட் ட்ரயல் 1908-லிருந்து, எக்ஸெட்டர் ட்ரயல் 1910-லிருந்து. மூன்றும் இன்றைக்கும் நடக்கின்றன. ராத்திரி முழுக்கப் பொதுச் சாலையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி, இடையிடையே இந்த மேடுகளை ஏறணும். எல்லா மேட்டையும் ஏறினால் தங்கம். ஒரே வருஷத்தில் மூன்று ட்ரயலிலும் தங்கம் வாங்கினால் அதற்குத் தனி விருது.

வெள்ளைக்காரன் பழைய காரை வைத்துச் சேற்றில் விளையாடுவது நமக்கு எதுக்கு என்று கேட்பீங்க. எனக்கு ஒரு காரணம் இருக்கு. போன வருஷம் எங்க ஏடிவி டீமில் டிரான்ஸ்மிஷன் என் பொறுப்பு. மேடு ஏறும் போட்டியில் எங்க வண்டி முக்கால் தூரத்தில் முக்கி நின்றது. சீனியர்களுக்கு அது கடைசி வருஷம். ஓட்டின அண்ணன் ஹெல்மெட்டைக் கழட்டிட்டு ஒண்ணுமே சொல்லலை, அதுதான் கஷ்டமா இருந்தது. ரூமுக்கு வந்து கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். கியர் எல்லாம் சரி. ஆனால் கணக்கு 21 இன்ச் டயருக்குப் போட்டது. போட்டிக்கு மூணு வாரம் முன்னாடி 23 இன்ச் டயர் இலவசமாகக் கிடைத்தது, பார்க்கவும் கெத்தா இருந்தது, மாட்டிட்டோம். யாரும் திரும்பக் கணக்குப் போடலை. நானும் போடலை. தரையில் கிடைக்கும் விசையில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட ஒன்பது பங்கு அங்கேயே போயிருந்தது.

அதுக்கப்புறம் தூக்கம் வராமல் வீடியோ பார்க்கும்போதுதான் இந்த ட்ரயல் ஆட்கள் கண்ணில் பட்டார்கள். ஐம்பது, அறுபது வருஷப் பழைய வண்டியை வைத்துக்கொண்டு, நாங்கள் தோற்ற அதே கேள்வியை இவர்கள் நூறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எந்தச் சக்கரம், எந்தக் கியர்?

விசைக்கு இரண்டு கூரை

மெக்கானிக்கல் படிக்கிறவர்களுக்கு இது தெரிந்த சூத்திரம்தான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இன்ஜின் டார்க்கை கியர் விகிதத்தால் பெருக்கி, பின் அச்சில் இருக்கும் கிரவுன் பினியன் விகிதத்தால் பெருக்கி, வழியில் உராய்வில் போவதைக் கழித்து, சக்கரத்தின் ஆரத்தால் வகுத்தால் தரையைத் தள்ளும் விசை கிடைக்கும். கியர் மேலே இருக்கு, சக்கரம் கீழே இருக்கு. ஆகச் சக்கரமும் ஒரு கியர்தான். சக்கரத்தைப் பெரிசாக்கினால் கியரை உயர்த்தினதுக்குச் சமம்.

ட்ரயல்களில் அதிகம் பார்க்கும் வண்டிகளில் ஒன்று பீட்டில். அதை வைத்தே கணக்குப் போடுவோம். 1600 இன்ஜின், அதிகபட்ச டார்க் 2800 ஆர்பிஎம்மில் 106 நியூட்டன் மீட்டர். முதல் கியர் 3.80, கிரவுன் பினியன் 4.125. பெருக்கினால் 15.7 வருது. டயர் 165 ஆர் 15, உருளும் ஆரம் சுமார் 0.31 மீட்டர். உராய்வுக்கு நூற்றுக்கு 12 கழித்தால் தரையில் ஏறக்குறைய 4,700 நியூட்டன்.

இனி மேடு. டார்ட்மூர் ஓரத்தில் இல்சிங்டன் கிராமத்துப் பக்கம் சிம்ஸ் ஹில் என்று ஒன்று இருக்கு. எக்ஸெட்டர் ட்ரயலில் பலருடைய தங்கம் கரையும் இடம். செங்குத்தான பகுதி ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று, அதாவது மூன்று மீட்டர் முன்னால் போனால் ஒரு மீட்டர் மேலே. வண்டியும் ரெண்டு ஆளும் சேர்த்து 950 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்க. புவியீர்ப்பு பின்னால் இழுப்பது சுமார் 2,950 நியூட்டன். கரடுமுரடான தரையில் உருளுவதற்கான தடை இன்னொரு 700. மொத்தம் 3,650.

இன்ஜினால் 4,700 தர முடியும், தேவை 3,650. ஏறிடலாம் போலிருக்கே?

இங்கேதான் நான் போன வருஷம் யோசிக்காத இன்னொரு விஷயம் வருது. இன்ஜின் எவ்வளவு தள்ளினாலும் தரை தாங்கினால்தானே. சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் பிடிப்பு ஒரு கூரை, இன்ஜின் இன்னொரு கூரை. எது தாழ்வோ அதுக்கு மேலே தலை தூக்க முடியாது.

பீட்டிலுக்கு இன்ஜின் பின்னால். எடையில் சுமார் 60 சதவீதம் பின் சக்கரத்தில் உட்கார்ந்திருக்கு. மேட்டில் சாயும்போது இன்னும் கொஞ்சம் பின்னுக்கு வரும். கணக்குப் போட்டால் பின் சக்கரங்களின் மேல் 5,900 நியூட்டன் அளவுக்குப் பாரம். 3,650 தள்ளணும்னா உராய்வுக் கெழு 0.62 வேணும். இதே எடை, இதே மேடு, ஆனால் இன்ஜின் முன்னால், இழுக்கும் சக்கரம் பின்னால் என்றால் 0.75 வரை வேணும். முன் சக்கரம் இழுக்கும் வண்டிக்கு 0.78, ஏன்னா மேட்டில் சாயச் சாய இழுக்கும் சக்கரத்தின் மேல் இருக்கும் பாரமே குறையுது. அந்த ஊர் ஆட்கள் பீட்டிலை ஏன் இப்படிக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்பதற்கு இந்த மூன்று எண்ணே போதும்.

ஈர இலை படிந்த கல்லில் கெழு 0.5 கிடைத்தாலே பெரிய விஷயம் என்று வைத்துக்கொள்வோம். அப்படின்னா தரை தாங்குவது 2,950 மட்டும்தான். இன்ஜின் 4,700-ஐ வைத்துக்கொண்டு ஒண்ணும் பண்ண முடியாது. இதில் இன்னொரு கொடுமை, கிளாசிக் ட்ரயலில் டிஃபரன்ஷியலை லாக் பண்ண விதி அனுமதிக்காது. சாதாரண டிஃபரன்ஷியல் ரெண்டு பக்கமும் ஒரே டார்க்கைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரத்துக்குக் கீழே பாசி இருந்தால் அது சும்மா சுத்தும், பாறை மேலே நல்ல பிடிப்போட நிற்கும் மறு சக்கரத்துக்கும் அதே அற்ப டார்க்தான் போகும்.

அப்போ கியரைக் குறைத்து டார்க்கைக் கூட்டுவதில் என்ன பயன்? பீட்டிலைப் பொறுத்தவரை, வெறும் விசைக்காக என்றால் பயன் ரொம்பக் கம்மி. அது ஏற்கெனவே தரை தாங்குவதைவிட அதிகமாகத் தள்ளுது. கியரைக் குறைப்பதற்கு வேற காரணம் இருக்கு, அது வேகம் சம்பந்தப்பட்டது.

ஆயிரத்துக்கு எத்தனை

விகிதங்களை வைத்துக் குழம்பாமல் இருக்க ஒரே ஒரு எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்க. முதல் கியரில், இன்ஜின் 1,000 ஆர்பிஎம் சுத்தும்போது வண்டி மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போகும்? கியர், கிரவுன் பினியன், டயர் மூன்றும் இந்த ஒரே எண்ணுக்குள் அடக்கம். டயரை மாற்றினால் இந்த எண் மாறும், உடனே கண்ணில் படும். எங்க டீம் இந்த எண்ணை ஒயிட்போர்டில் எழுதி வைத்திருந்தால் அந்த 23 இன்ச் டயர் வந்த அன்றே மாட்டியிருக்கும்.

மேலே சொன்ன பீட்டிலுக்கு இது 7.5. கிரவுன் பினியனை 4.375 ஆக மாற்றினால் 7.0. இந்த 4.375 வெளியிலிருந்து தேட வேண்டியதில்லை, சிறிய இன்ஜின் பீட்டில்களில் வந்ததுதான்.

இதில் அரை கிலோமீட்டர் வித்தியாசம் என்ன கிழிக்கும்? ரீஸ்டார்ட்டைப் பாருங்க. சில மேடுகளில் நடுவே கோடு போட்டு, அங்கே வண்டியை நிறுத்தி, கொடி அசைந்ததும் திரும்பக் கிளம்பணும் என்பார்கள். நம்ம ஊரில் டிரைவிங் லைசென்ஸுக்கு மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொல்வார்களே, அதேதான், சேற்றில். இன்ஜின் ஆஃப் ஆகாமல் இருக்க 1,500 ஆர்பிஎம் வைத்து ஆஃப் கிளட்சிலிருந்து விடுகிறீர்கள். கிளட்ச் முழுசா ஒட்டும்போது சக்கரம் 10.5 கிலோமீட்டர் வேகத்தில் சுத்தணும், வண்டியோ இன்னும் நின்ற இடத்தில். அந்த இடைவெளி எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. 1,000-க்கு 8.6 இருக்கும் வண்டியில் அதே நேரம் சக்கரம் 13-ஐத் தொடணும். சக்கரம் ஒருமுறை வழுக்க ஆரம்பித்தால் பிடிப்பு இன்னும் குறையும், பிறகு குழி தோண்டுவதைத் தவிர வேற வேலை இல்லை. ஆக, குறைந்த கியர் என்பது மேட்டில் மெதுவாக நகரக் கிடைக்கும் அனுமதி. ஆக்சிலரேட்டர் மேல் இருக்கும் காலுக்கு அது கொஞ்சம் அவகாசம் கொடுக்குது.

சரி, அப்போ இன்னும் குறைத்து 5 ஆக்கிட்டால்?

அதுவும் தோல்விதான். மேலே போட்ட கணக்கில் தரை தாங்குவது 2,950, தேவை 3,650. எழுநூறு நியூட்டன் துண்டு விழுது. ஒரே சீரான வேகத்தில் இந்த மேட்டை ஏறவே முடியாது. ஆனாலும் ஏறுகிறார்கள். எப்படி? கீழேயே வேகத்தைச் சேமித்துக்கொண்டு வருகிறார்கள். மணிக்கு 25 கிலோமீட்டரில் அந்தச் சரிவுக்குள் நுழைந்தால், அந்தத் துண்டு வண்டியை நிறுத்த சுமார் 33 மீட்டர் எடுக்கும். 15-ல் நுழைந்தால் 12 மீட்டரில் நின்றுவிடும். சிக்கலான பகுதி 20 மீட்டர் என்றால் ஒருத்தர் தங்கம், இன்னொருத்தர் ரிவர்ஸ் கியர்.

1,000-க்கு 7 என்றால் 25-ஐத் தொட 3,570 ஆர்பிஎம் போதும். பீட்டில் இன்ஜின் தாராளமாகத் தரும். 1,000-க்கு 5 என்றால் 5,000 வேணும், அந்த இன்ஜின் அதுக்கு முன்பே மூச்சு வாங்கிடும். ரெண்டாவது கியர் போட்டுக்கலாமே என்றால், பீட்டிலில் முதல் கியர் 3.80, ரெண்டாவது 2.06. நடுவில் பெரிய பள்ளம். 4,000-ல் மாற்றினால் 2,170-க்கு விழும். கிளட்சை மிதித்த அந்த அரை நொடியில் மேடு வேகத்தைத் தின்றுவிடும், ரெண்டாவது ஒட்டும்போது இன்ஜின் திணறும். அதனால் பெரும்பாலான மேடுகளை ஒரே கியரில், அடியிலிருந்து உச்சி வரை, முடிக்கப் பார்க்கிறார்கள். ஆக முதல் கியருக்கு ரெண்டு வேலை. ரீஸ்டார்ட்டில் ஆமையாக இருக்கணும், ஓட்டமாக ஏறும் மேட்டில் 25-ஐயும் தொடணும். என் கணக்குப்படி இந்த வகை இன்ஜினுக்கு 6-லிருந்து 7.5 வரைதான் அந்த ஜன்னல்.

முன் இன்ஜின் ஃபோர்டு எஸ்கார்ட் வைத்திருப்பவர்களுக்கு வழி வேற. 2000ஈ என்று சொல்லப்படும் நாலு கியர் பெட்டியில் முதல் கியரே 2.97, அதுதான் நான் மேலே சொன்ன 8.6. சர்க்யூட் ரேஸுக்கு அது அருமை, சேற்றுக்கு ஆகாது. ஆனால் எஸ்கார்ட்டின் பின் அச்சுக்கு 4.7, 4.9, 5.1 என்று வரிசையாகக் கிரவுன் பினியன் கிடைக்குது. கூடவே சியாரா காரின் அஞ்சு கியர் பெட்டியைப் போட்டால் முதல் 3.65, அஞ்சாவது 0.82. 4.7-ஐச் சேர்த்தால் முதல் கியர் மொத்தம் 17.2, அதாவது 13 இன்ச் சக்கரத்தில் 1,000-க்கு 6.2. அஞ்சாவதில் 90 கிலோமீட்டரில் போக 3,300 ஆர்பிஎம் சொச்சம். ராத்திரி முழுக்க ஓட்டணும் என்று ஆரம்பத்தில் சொன்னேன் இல்லையா, அதுக்காகத்தான் மேல் கியரையும் பார்ப்பது. நாலு கியரோடு கிரவுன் பினியனை மட்டும் குறைத்துக்கொண்டே போனால் மேடு ஏறிடும், ஆனால் நெடுஞ்சாலையில் இன்ஜின் கத்தியே உயிரை எடுத்துடும். உங்க வகுப்பு விதியில் அஞ்சு கியர் பெட்டிக்கு அனுமதி இருக்கா என்பதை மட்டும் முதலில் பார்க்கணும்.

சின்ன இன்ஜினின் பாடு

இவ்வளவு நேரம் பேசியது பிடிப்பு முதலில் தீர்ந்து போகும் வண்டிகளைப் பற்றி. போருக்கு முந்தைய ஆஸ்டின் செவன் கதை தலைகீழ். 747 சிசி, ஆரம்பகால மாடலில் 2,400 ஆர்பிஎம்மில் 10.5 குதிரைத்திறன். நம்ம ஊர் ஸ்கூட்டரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதிலிருந்து டார்க்கைக் கணக்கிட்டால் 31 நியூட்டன் மீட்டர் வருது. முதல் கியரின் மொத்த விகிதத்தை 16 என்றும், ஆளோடு எடையை 550 கிலோ என்றும் எடுத்துக்கொண்டால் தரையில் கிடைப்பது 1,340 நியூட்டன். மூன்றுக்கு ஒன்று மேட்டில் ஈர்ப்பு மட்டுமே 1,700. உருளும் தடையையும் சேர்த்தால் 2,100. தரை தார் ரோடாகவே இருந்தாலும் இது ஏறாது.

ஏறணும்னா மொத்த விகிதம் 25 வேணும். அப்போது 2,400 ஆர்பிஎம்மில் வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர்கூட வராது. கீழே வேகம் சேமிக்கும் வித்தையெல்லாம் அப்போது நடக்காது. அதனால் ஆஸ்டின் செவன்காரர்கள் ஒரே இடத்தில் எல்லாவற்றையும் தேட மாட்டார்கள். இன்ஜினில் கொஞ்சம் டார்க், கிரவுன் பினியனில் கொஞ்சம் குறைப்பு, உடம்பில் கொஞ்சம் எடைக் குறைப்பு என்று மூன்று பக்கமும் பிச்சை எடுப்பார்கள். எனக்கு இந்த வண்டிகள்தான் ரொம்பப் பிடிக்கும். பீட்டில் ஏறுவது இயற்பியல், இது ஏறுவது பிடிவாதம்.

நடுவில் டெல்லோ என்று ஒரு கார். 1949-லிருந்து பர்மிங்ஹாம் பக்கத்தில் அல்வ்சர்ச்சில், ட்ரயலையே மனதில் வைத்துச் செய்தது. ஃபோர்டு டென்னின் 1,172 சிசி இன்ஜினும் மூணு கியர் பெட்டியும். அந்த ஃபோர்டு பெட்டியில் முதல் கியர் 3.07, பின் அச்சு 5.5, மொத்தம் கிட்டத்தட்ட 17. ஐம்பது வருஷம் கழித்து அஞ்சு கியர் எஸ்கார்ட்காரர் சுத்தி வளைத்து வந்து சேரும் அதே எண்.

சக்கரத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது

சக்கரம் ஒரு கியர் என்றால், கியரைக் குறைக்கச் சின்னச் சக்கரம் மாட்டிடலாமே, கிரவுன் பினியன் செலவு மிச்சம் இல்லையா? கேள்வி நியாயமானது, நிறைய பேர் முதலில் இதைத்தான் செய்கிறார்கள்.

எண்ணைப் பாருங்க. பீட்டிலின் 165 ஆர் 15 டயரின் விட்டம் சுமார் 645 மி.மீ. 4.125-ஐ 4.375 ஆக்கியதால் கிடைத்த அதே மாற்றத்தை டயரால் மட்டும் கொண்டுவரணும்னா விட்டம் 608 ஆகணும். அச்சு 18 மி.மீ. கீழே இறங்கும், கூடவே வண்டியின் அடிவயிறும். மூன்றுக்கு ஒன்று மேட்டில், கல் துருத்திக்கொண்டிருக்கும் பாதையில், 18 மி.மீ. என்பது ஏறுவதற்கும் அடி தட்டி நிற்பதற்கும் உள்ள வித்தியாசம். கியரைப் பெட்டிக்குள் மாற்றலாம், அச்சில் மாற்றலாம். தரைக்கும் அடிவயிறுக்கும் இடையிலான உயரம் அச்சுக்குக் கீழே சக்கரத்திலிருந்து மட்டும்தான் வரும், சஸ்பென்ஷனை எவ்வளவு தூக்கினாலும் நேர் அச்சு வண்டியில் டிஃபரன்ஷியல் இருக்கும் இடத்தில்தான் இருக்கும்.

அதனால் வரிசை இப்படி. முதலில் தரைக்கு ஏற்ற டயர், விதி அனுமதிக்கும் அளவுக்கு உயரமாக. அதைக் கையில் வைத்துக்கொண்டு 1,000-க்கு எத்தனை என்ற எண்ணைச் சரிபண்ணக் கிரவுன் பினியன். கடைசியில் மேல் கியர். நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்தோம். எங்க 23 இன்ச் டயர் தப்பான டயரே இல்லை என்று இப்போது நினைக்கிறேன். அதுக்கேற்ப ஸ்ப்ராக்கெட்டை மாற்றாததுதான் தப்பு.

பெரிய சக்கரம் கல்லை எளிதாகத் தாண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பேசும் அளவுக்கு இல்லை. 100 மி.மீ. உயரக் கல் ஒன்றை 310 மி.மீ. ஆரமுள்ள சக்கரம் 47 டிகிரியில் சந்திக்கும், 290 ஆரமுள்ளது 49 டிகிரியில். ரெண்டு டிகிரிக்காக யாரும் தங்கம் வாங்கலை. பெரிய சக்கரத்தின் உண்மையான லாபம் உயரமும், உயரமான பக்கச்சுவரும்தான்.

பக்கச்சுவர் ஏன் முக்கியம்? மேட்டுக்கு முன்னால் காற்றை இறக்குவார்கள், ஏறி முடித்ததும் திரும்ப அடிப்பார்கள். ராத்திரி முழுக்க இதே வேலை. டயர் சாலையில் ஓட்டத் தகுந்ததாக இருக்கணும் என்பதால் பெரிய பட்டன் வைத்த டிராக்டர் டயரெல்லாம் மாட்ட முடியாது. கையில் இருக்கும் ஒரே ஆயுதம் காற்றழுத்தம்தான். பீட்டிலின் ஒரு பின் சக்கரத்தில் 2,950 நியூட்டன் பாரம். 25 பிஎஸ்ஐ-யில் அந்தப் பாரத்தைத் தாங்க சுமார் 170 சதுர சென்டிமீட்டர் தொடுபரப்பு போதும். 12-க்கு இறக்கினால் 350-ஐத் தாண்டும். டயரின் சொந்த விறைப்பால் நிஜத்தில் கொஞ்சம் குறையும். டயர் கல்லைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். 65, 60 என்று பக்கச்சுவர் குட்டையான டயரில் இது நடக்காது, ரிம் நேராகக் கல்லில் இடிக்கும். அதனால்தான் அழகான அலாய் ரிம்மும் குட்டை டயரும் இங்கே எடுபடாது. சில மேடுகளில் இந்த அழுத்தத்துக்குக் கீழே இறக்கக் கூடாது என்று போட்டி விதியே இருக்கும், அதையும் பார்த்துக்கணும்.

காற்றை இறக்கினால் சக்கரம் சின்னதாகி, கியரும் தானாகக் குறையும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நானும் நம்பினேன். ரேடியல் டயரில் அது கிட்டத்தட்ட நடக்காது. பட்டன் பகுதிக்கு அடியில் எஃகு வார் சுற்றியிருக்கு, அதன் நீளம் மாறாது. தொட்டி வண்டியின் சங்கிலி மாதிரி யோசிங்க, ராணுவ டாங்கியின் சங்கிலி தட்டையாகக் கிடந்தாலும் ஒரு சுற்றுக்கு அதே தூரம்தான் போகும். அச்சு 15 மி.மீ. கீழே இறங்கினாலும் உருளும் ஆரம் ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்குதான் குறையும். ஆக உயரத்தை இழக்கிறீர்கள், கியரில் ஒண்ணும் பெரிசாகக் கிடைக்கலை. லாபம் முழுக்கப் பிடிப்பில்தான். டியூப் போட்ட டயரில் இன்னொரு தொல்லை, காற்று குறைந்த டயர் ரிம்மில் மெல்ல நகரும், டியூபை இழுக்கும், வால்வு பிய்ந்து வரும். ஸ்டெப்னி ரெண்டு எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

அகலமா, ஒல்லியா? இதுக்கு ஒரே பதில் சொல்கிறவரை நம்பாதீங்க. மேலே குழைசேறு, ஒரு சாண் கீழே கெட்டிக் கல் என்றால் ஒல்லி டயர் சேற்றை வெட்டிக்கொண்டு கல்லைப் பிடிக்கும். ஆஸ்டின் செவனின் 19 இன்ச் ஒல்லிச் சக்கரம் சில இடங்களில் பெரிய வண்டிகளைச் சிரிக்க வைப்பது இதனால்தான். அடியில் கல்லே இல்லாத புல்தரை, மணல் என்றால் வெட்டிக்கொண்டு இறங்குவது தற்கொலை, அங்கே பரப்பு வேணும். நடுத்தரமாக 155, 165 அகலத்தில் பலர் நிற்பதற்குக் காரணம் ஒரே ராத்திரியில் ரெண்டு விதத் தரையும் வரும் என்பது.

இதெல்லாம் போட்டும் மீதி ஒன்று இருக்கு. பக்கத்தில் இருக்கும் பயணி. சக்கரம் வழுக்கத் தொடங்கியதும் அவர் இருக்கையில் எம்பி எம்பிக் குதிப்பார். வீடியோவில் முதல்தடவை பார்த்தபோது சிரித்தேன். ஒவ்வொரு முறை அவர் கீழே வரும்போதும் பின் சக்கரத்தின் மேல் பாரம் ஒரு நொடி கூடும், பிடிப்புக் கூரை அந்த நொடி கொஞ்சம் உயரும். அந்த நொடியில் வண்டி அரை அடி நகர்ந்தால் அடுத்த கல்லின் மேல் போய் நிற்கலாம். கணக்கில் 0.62 வேணும், 0.5 தான் இருக்கு என்று நாம் கையை விரிக்கும் இடத்தில் அந்த ஆள் குதித்துக்கொண்டிருக்கிறார்.

இந்த வருஷம் வண்டி ஜூனியர்கள் கையில். பட்டறைச் சுவரில் இருக்கும் ஒயிட்போர்டில், யாரும் அழிக்க முடியாத மார்க்கரில், டயர் அளவுக்குப் பக்கத்திலேயே 1,000-க்கு எத்தனை என்பதை எழுதி வைத்திருக்கிறேன். டயரை மாற்றுகிறவர் அந்த எண்ணையும் மாற்றிவிட்டுக் கையெழுத்துப் போடணும். பெரிய ஸ்ப்ராக்கெட் ஒன்று கூடுதலாக வாங்கியாச்சு. ஹாஸ்டலுக்குப் பின்னால் இருக்கும் செம்மண் மேட்டில், மழை பெய்த மறுநாள், ரெண்டு ஸ்ப்ராக்கெட்டையும் மாற்றி மாற்றி ஏற்றிப் பார்க்கப் போறோம். பக்கத்தில் உட்கார்ந்து குதிக்க ஏடிவியில் ரெண்டாவது சீட் இல்லை, அது ஒன்றுதான் குறை.